அனுமதி கிடைத்துவிட்டது, நேரம் எங்கே?

கேள்வி: எனக்கு இரண்டு பிள்ளைகள். மகளுக்கு நாலு வயது, மகனுக்கு ஒன்றரை. நான் ஓவியம் படித்தவள். மகள் பிறக்கும்வரை எண்ணெய் வண்ணத்தில் தொடர்ந்து வரைந்துகொண்டிருந்தேன். இப்போது வேலைக்குப் போகவில்லை, முழுநேரமும் பிள்ளைகளோடுதான். தூரிகையைத் தொட்டு இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. சின்னவன் மதியம் தூங்கும்போது உட்காரலாம் என்று நினைப்பேன். பெரியவளுக்கு ஏதாவது கொடுத்து விளையாட வைத்துவிட்டு வந்து, என்ன வரைவது என்று யோசிப்பதற்குள் அவன் எழுந்துவிடுகிறான். ராத்திரி இருவரும் தூங்கியபிறகு கை ஓடுவதில்லை. போனைப் பார்த்துக்கொண்டே கிடக்கிறேன், அப்புறம் அதற்காக என்மேலேயே கோபம் வருகிறது. கணவரிடம் சொன்னால், "நீ வரையேன், யார் வேண்டாம்னு சொன்னா?" என்கிறார். நல்லவர்தான், உண்மையிலேயே தடுப்பதில்லை. சில சனிக்கிழமைகளில் "நான் பாத்துக்கறேன், நீ போ" என்பார். அரை மணிக்குள் "இவன் டயப்பர் எங்க இருக்கு?" என்று வந்து நிற்பார். பிள்ளைகளை விட்டு ஒதுங்கி உட்கார்ந்தால் குற்ற உணர்ச்சி வேறு. இன்னும் ஐந்தாறு வருடத்துக்கு எல்லாவற்றையும் மூட்டைகட்டி வைத்துவிட்டு, பிள்ளைகள் வளர்ந்தபிறகு பார்த்துக்கொள்ளலாமா?

— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்: வேண்டாம், மூட்டைகட்டி வைக்காதீர்கள். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால், உங்கள் கடிதத்தில் நீங்களே எழுதியும் கவனிக்காமல் கடந்துபோன விஷயம் ஒன்று இருக்கிறது. உங்கள் கணவர் உங்களுக்கு அனுமதி கொடுத்திருக்கிறார். நேரம் கொடுக்கவில்லை. "யார் வேண்டாம்னு சொன்னா" என்று அவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நீங்கள் வரையும் அந்த ஒரு மணி நேரத்தில் சின்னவன் விழுந்தால் யார் ஓடுவது, பெரியவள் பசிக்கிறது என்றால் யார் எழுந்துபோவது என்பதற்கு அந்தப் பேச்சில் பதில் இல்லை. அந்தப் பொறுப்பு உங்கள்மேலேயே இருக்கும்வரை கடிகாரம் எத்தனை மணி நேரம் காட்டினாலும் அது உங்களுடைய நேரம் ஆகாது.

சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு எழுதவோ, வரையவோ, பாடவோ துடிக்கும் பெற்றோர் என்னிடம் வரும்போது பெரும்பாலும் கால அட்டவணைதான் கேட்கிறார்கள். காலையில் சீக்கிரம் எழுந்திருக்கலாமா, போனை எடுத்து உள்ளே வைத்துவிடலாமா என்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் எல்லோருக்குமே அங்கே பத்து நிமிடம், இங்கே இருபது நிமிடம் தேறத்தான் செய்யும். இருந்தும் வேலை நடப்பதில்லை. ஏன் என்று உங்கள் மதிய நேரத்தை வைத்தே பார்ப்போம்.

சின்னவனின் தலைக்கடியிலிருந்து கையை மெல்ல உருவுகிறீர்கள். கதவைச் சத்தமில்லாமல் ஒருக்களித்துவிட்டு வெளியே வருகிறீர்கள். மேசைமேல் கிடக்கும் பொம்மைகளையும் மடிக்காத துணியையும் ஒதுக்கி இடம் பண்ணுகிறீர்கள். பெரியவள் வந்து, "அம்மா, இந்த மூடியைத் திறந்து குடு" என்கிறாள். திறந்து கொடுத்துவிட்டுத் தாளைப் பார்க்கும்போது உள்ளே ஓர் இருமல். கை அப்படியே நின்றுவிடுகிறது. எழுந்துவிட்டானா, புரண்டு படுக்கிறானா? அவன் எழவில்லை. ஆனால் உங்கள் காது அங்கேயே தங்கிவிட்டது. தாளின்மேல் இருப்பது கண் மட்டும்தான்.

வேலையிடங்களில் கவனம் எப்படிச் சிதறுகிறது என்று ஆராய்ந்த சோஃபி லெராய் 2009-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். கையிலிருக்கும் வேலை முடியாமலே அடுத்த வேலைக்குத் தாவினால், மனதின் ஒரு பகுதி முந்தைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதனால் அடுத்த வேலை சரியாக வருவதில்லை என்பது அதன் சாரம். அவர் பார்த்தது அலுவலக வேலையை. குழந்தை வளர்ப்போ ஒரு நாளும் 'முடிந்தது' என்று எழுந்துகொள்ள முடியாத வேலை. அப்படியிருக்க, நீங்கள் தாளின் முன்னால் உட்கார்ந்ததும் மனம் வெறுமையாகிவிடுவதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. உங்கள் திறமை எங்கேயும் போய்விடவில்லை. கேட்டுக்கொண்டே இருக்கும் காதோடு எந்த ஓவியராலும் புதிதாக ஒரு படத்தை யோசிக்க முடியாது.

அதனால் முதலில் செய்ய வேண்டியது கணவரோடு பேசுவது. குறை சொல்லும் தொனி வேண்டாம். "நீங்க உதவியே பண்றதில்ல" என்று தொடங்கினால் அவர் தான் செய்ததையெல்லாம் பட்டியல் போடுவார், பேச்சு அங்கேயே நின்றுவிடும். 'உதவி' என்று கேட்கவே கேட்காதீர்கள். கேட்க வேண்டியது பொறுப்பு. "சனிக்கிழமை மூணு மணியிலிருந்து அஞ்சரை வரைக்கும் ரெண்டு பேரும் உங்க பொறுப்பு. சாப்பாடு, டயப்பர், அழுகை எல்லாமே. வீடு பத்திக்கிட்டாலொழிய என்னைக் கூப்பிடக் கூடாது." இவ்வளவு திட்டவட்டமாகச் சொன்னால்தான் அது ஏற்பாடு. நாளும் நேரமும் நிலையாக இருக்க வேண்டும். ஒவ்வொரு வாரமும் புதிதாகக் கேட்டு வாங்க வேண்டியிருந்தால், கேட்பதே ஒரு வேலையாகி நாலாவது வாரம் நீங்களே விட்டுவிடுவீர்கள்.

அவர் டயப்பர் எங்கே என்று வந்து கேட்கிறார் அல்லவா? அது சோம்பேறித்தனம் என்று நான் நினைக்கவில்லை. அந்த வீட்டில் டயப்பர் எங்கே இருக்கிறது, எத்தனை மிச்சம் இருக்கிறது, எந்தச் சட்டை போட்டால் சின்னவனுக்கு அரிக்கும் என்பதெல்லாம் உங்கள் தலையில் மட்டுமே இருக்கிறது. கைவேலையை மட்டும் கொடுத்து, நினைவில் வைத்துக்கொள்ளும் வேலையை நீங்களே வைத்துக்கொண்டால், அவர் ஒவ்வொரு படிக்கும் உங்களிடம்தான் வந்தாக வேண்டும். நீங்கள் பக்கத்தில் இல்லாமல் முழுதாக ஒரு பொழுதைச் சமாளித்தால்தான் அவருக்கும் அந்த அறிவு வரும். ஆகவே முதல் சில வாரங்கள் வீட்டிலேயே இருக்காதீர்கள் என்பது என் ஆலோசனை. நூலகமோ, தோழியின் வீடோ, பூங்காவின் பெஞ்சோ, ஸ்கெட்ச் புத்தகத்தோடு கிளம்பிவிடுங்கள். வீட்டில்தான் இருந்தாக வேண்டுமென்றால் கதவைத் தாழ் போட்டுக்கொள்ளுங்கள்.

சின்னவன் அழுவான். அம்மாவே வேண்டும் என்று கதவைத் தட்டுவான். அந்த வயதில் பிரிவுக்கு அழுவது இயல்பு. அப்பா பக்கத்தில் இருந்து, தூக்கி வைத்துச் சமாதானப்படுத்துகிறார் என்றால் அவன் தனியாக விடப்படவில்லை. இங்கே நீங்கள் கதவைத் திறந்து வெளியே வந்துவிட்டால் அவனும் அப்பாவும் ஒரே பாடத்தைக் கற்றுக்கொள்வார்கள்: கொஞ்ச நேரம் அழுதால் அம்மா வந்துவிடுவாள். அப்புறம் இன்னொன்று. அவர் உங்களைப்போலச் செய்யமாட்டார். சட்டையை முன்பின்னாகப் போட்டுவிடுவார், சாப்பிடவேண்டிய நேரத்தில் விளையாட்டுக் காட்டுவார். ஆபத்தில்லாத விஷயம் எதுவானாலும் திருத்தாதீர்கள். ஐந்தரை மணிக்கு வெளியே வந்ததும் முதல் வார்த்தையாக வீட்டின் கோலத்தைப் பற்றிச் சொன்னால், அடுத்த சனிக்கிழமை அவருக்கு ஏதாவது அவசர வேலை வந்துவிடும். அவருக்கும் அதேபோலத் தடையில்லாத ஒரு பொழுதை வாரத்தில் விட்டுக்கொடுங்கள். தயவாகக் கொடுத்தது என்றாவது ஒருநாள் நின்றுபோகும். இருவருக்கும் சமமான ஏற்பாடு என்றால் இருவருமே அதைக் காப்பாற்றுவீர்கள்.

இதைப் படிப்பவர்களில் துணை இல்லாமல் தனியாக வளர்ப்பவர்களும் இருப்பீர்கள். அதே வயதுப் பிள்ளைகள் இருக்கும் நம்பகமான இன்னொரு பெற்றோரோடு பொழுதை மாற்றிக்கொள்ளலாம். ஒரு வாரம் நீங்கள் எல்லாப் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வது, மறுவாரம் அவர்.

சரி, வாரத்தில் இரண்டரை மணி நேரம் ஓர் ஓவியருக்குப் போதுமா? போதாது. ஆனால் அந்தப் பொழுது உறுதியாகிவிட்டால், மற்ற நாட்களின் துண்டு நேரங்களுக்கும் பயன் வந்துவிடுகிறது. யோசிப்பது, புதிதாகத் தொடங்குவது, தவறிப்போன படத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி தொடங்குவது, இவையெல்லாம் சனிக்கிழமைக்கு. பாதி காது பிள்ளைகளிடம் இருக்கும்போதும் செய்யக்கூடியதை வார நாட்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை முடிவு செய்த கட்டத்தை நிரப்புவது, ஒரே பொருளைத் திரும்பத் திரும்பக் கோட்டில் பிடிப்பது, வண்ணங்களைக் கலந்து பார்த்துக் குறித்து வைப்பது. மதியத்தில் தாளின் முன்னால் திகைத்து உட்கார்ந்தீர்களே, அதற்குக் காரணம் சனிக்கிழமை வேலையைச் செவ்வாய்க்கிழமை மதியத்தில் செய்யப் பார்த்ததுதான்.

எண்ணெய் வண்ணத்தை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். உங்களுக்கு இது கஷ்டமாக இருக்கும் என்று தெரியும். ஆனால் அந்த ஊடகம் கேட்பதெல்லாம் இப்போது உங்களிடம் இல்லாதவை: விரித்து வைக்க இடம், நாள்கணக்கில் ஈரமாக இருக்கும் கேன்வாஸை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்வது, தூரிகையைக் கழுவி எடுக்கவே ஒரு நேரம். எதையும் வாயில் வைக்கும் வயதில் ஒரு பிள்ளை நடமாடும் வீட்டில் வண்ணத்தைக் கரைக்கும் டர்பன்டைனும், காட்மியம் என்ற நச்சு உலோகம் கலந்த வண்ணங்களும் திறந்து இருக்கவே கூடாது. நீர்வண்ணமும், அதைவிடக் கெட்டியாகப் படியும் நீர்வண்ண வகையான குவாஷும் அப்படியில்லை. தட்டில் காய்ந்துபோன வண்ணத்தை அடுத்த நாள் ஈரத் தூரிகையால் தொட்டால் மறுபடி இளகிவிடும். பாதியில் எழுந்து ஓடினால் தாளில் ஒரு விளிம்புக் கறை விழலாம், அவ்வளவுதான். பென்சிலுக்கு அந்தச் சேதம்கூடக் கிடையாது.

பிரிட்டிஷ் சிற்பி பார்பரா ஹெப்வொர்த்துக்கு ஏற்கெனவே ஒரு மகன் இருந்தான். 1934-ல் ஒரே பிரசவத்தில் மூன்று குழந்தைகள் பிறந்தன. 1939-ல் இரண்டாம் உலகப் போர் தொடங்கும் நேரத்தில் குடும்பத்தோடு இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள கார்ன்வால் கடற்கரைக்குக் குடிபெயர்ந்தார். கல்லையும் மரத்தையும் செதுக்க அங்கே இடமும் இல்லை, பொழுதும் இல்லை. பகலெல்லாம் குழந்தைகளும் வீட்டுப் பாடும். இரவில் பென்சிலிலும் குவாஷிலும் ஏராளமாக வரைந்தார், சின்னச் சின்னப் பிளாஸ்டர் மாதிரிகள் செய்தார். சில ஆண்டுகள் கழித்துப் பெரிய வீட்டுக்கு மாறியதும்தான் முன்போலச் செதுக்க முடிந்தது. அரை மணி நேரமானாலும் தினமும் ஏதாவது வேலை நடந்தால் போதும், உருவங்கள் மனதுக்குள் வளர்ந்துகொண்டே இருக்கும் என்று அவர் பின்னாளில் எழுதியிருக்கிறார். அந்த இரவுகளின் ஓவியங்கள் ஏதோ நேரம்போக்காகச் செய்தவை அல்ல. பிறகு அவர் செதுக்கிய சிற்பங்களுக்கான யோசனைகள் அவற்றில் இருந்தன. உங்கள் பென்சில் ஓவியங்களையும் நீங்கள் அப்படித்தான் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. எண்ணெய் வண்ணத்துக்கு வழியில்லாததால் செய்யும் மாற்று வேலை என்று நினைத்தால் நாலு நாளில் சலித்துவிடும்.

பாதியில் எழுந்திருக்க நேரும்போது ஒரே ஒரு வழக்கத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். தாளின் ஓரத்தில் எங்கே விட்டேன், அடுத்து என்ன என்று ஒரு வரி. "ஜன்னலின் இடதுபக்க நிழல், இன்னும் ஒரு பூச்சு." முன்னே சொன்ன லெராய், தெரஸா க்ளாம் என்பவரோடு சேர்ந்து 2018-ல் இதையும் ஆராய்ந்திருக்கிறார். இடையூறு வந்ததும் விட்ட இடத்தையும் அடுத்து செய்ய வேண்டியதையும் சுருக்கமாகக் குறித்துவிட்டுப் போகிறவர்களுக்கு, இடையூறாக வந்த அந்த வேலையில் கவனம் நன்றாகவே இருந்தது. உங்கள் விஷயத்தில் இரண்டு பக்கமும் லாபம். பிள்ளையிடம் போனால் மனம் முழுதாகப் பிள்ளையிடம் இருக்கும். அடுத்த நாள் உட்காரும்போது "என்ன வரைவது" என்ற கேள்வியே எழாது. வண்ணப் பெட்டி, தாள், தூரிகை மூன்றையும் ஒரே தட்டில் எட்டாத உயரத்தில் வைத்துக்கொண்டால், கடை விரிக்கும் நேரமும் மிச்சம்.

பெரியவளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் குற்ற உணர்ச்சிக்கான பதிலும் அங்கேதான் இருக்கிறது. அவளை "ஏதாவது கொடுத்து" ஒதுக்கி உட்காரவைக்கிறீர்கள், அப்போது அவளுக்கு நீங்கள் எங்கேயோ போகிறீர்கள் என்று தோன்றுகிறது. உடனே மூடியைத் திறக்க வருகிறாள். அதற்குப் பதிலாக அவளை உங்கள் மேசையிலேயே உட்காரவையுங்கள். அவளுக்கென்று தாள், அவளுக்கென்று கிரேயான். சேர்ந்து ஒரே படம் வரைய வேண்டாம், அவளுக்குப் பாடம் நடத்தவும் வேண்டாம். அவள் வேலையை அவள் பார்க்கட்டும், உங்கள் வேலையை நீங்கள் பாருங்கள். முதலில் ஐந்து நிமிடம்கூடத் தாங்காது. போகப் போக நீளும்.

டொனால்ட் வினிகாட் என்ற பிரிட்டிஷ் குழந்தை மருத்துவர், உளப்பகுப்பாய்வாளராகவும் இருந்தவர், 1958-ல் வெளியான ஒரு கட்டுரையில் இதைப் பற்றி நுட்பமாகப் பேசுகிறார். தனியாக இருக்கும் திறன் ஒரு குழந்தைக்கு எங்கிருந்து வருகிறது? அம்மா பக்கத்தில் இருக்கும்போதே தன்பாட்டுக்கு இருந்து பழகியதிலிருந்து வருகிறது என்பது அவர் பார்வை. அம்மா அங்கே இருக்கிறாள், ஆனால் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கவில்லை, தன்னிடம் எதையும் எதிர்பார்க்கவும் இல்லை. அந்த நிம்மதியில்தான் குழந்தை தன் விளையாட்டுக்குள் முழுதாக இறங்குகிறது. குழந்தை வளர வளர அம்மா கொஞ்சம் கொஞ்சமாகத் தன் கவனத்தைத் தளர்த்துவதும் நல்ல வளர்ப்பின் பகுதியே என்றும் அவர் எழுதியிருக்கிறார். இந்தக் கோணத்தில் பார்த்தால், மகள் பக்கத்தில் இருக்கும்போது நீங்கள் உங்கள் தாளில் மூழ்கியிருப்பது அவளிடமிருந்து எதையும் பறிப்பது ஆகாது. அவளுக்குத் தேவையான ஒன்றையே கொடுக்கிறீர்கள்.

டிவி போட்டுவிட்டு வரையலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பலரும் கேட்பார்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது: ஒரு வயதுக் குழந்தைக்குத் திரை வேண்டாம், இரண்டிலிருந்து நாலு வயதுவரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. பெரியவளுக்கு எப்போதாவது அரை மணி நேரம் போடுவதில் தப்பில்லை. ஆனால் உங்கள் ஓவிய நேரத்தை அதன்மேல் கட்டாதீர்கள். அணைக்கும்போது வரும் அழுகையைச் சமாளிப்பதிலேயே மிச்சப்படுத்திய நேரம் போய்விடும்.

இரவு போனைப் பற்றி. அதற்காக உங்களை நீங்களே திட்டிக்கொள்வதை நிறுத்துங்கள். நாள் முழுக்க இரண்டு பேருக்குக் காது கொடுத்தவர், யாரும் எதுவும் கேட்காத அந்த அரை மணி நேரத்தில் எதையும் யோசிக்காமல் கிடக்க நினைப்பது நியாயம்தான். சோர்ந்த கையை வற்புறுத்தி வரைய வைக்க வேண்டாம். தூக்கத்தில் கைவைக்கவும் வேண்டாம். பெரியவர்களுக்குக் குறைந்தது ஏழு மணி நேரத் தூக்கம் தேவை. சின்னவன் இன்னும் நடுராத்திரியில் எழுந்துகொள்கிறான் என்றால், அதிகாலையில் எழுந்து வரையும் யோசனை உங்களுக்கு இப்போது ஆகாது. வேறு சிலருக்கு அது பொருந்தியிருக்கலாம்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். பிள்ளைகள் தூங்கியும் உங்களுக்குத் தூக்கம் வரவில்லை, முன்பு பிடித்த எதிலும் பிடிப்பு இல்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது, இது நாள் முழுவதும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கிறது என்றால் அது நேரப் பிரச்சினை அல்ல. மனச்சோர்வாக இருக்கலாம். குழந்தை பிறந்து ஒன்றரை வருடம் ஆகிவிட்டதே என்று தயங்காமல் மருத்துவரைப் பாருங்கள். உங்கள் கடிதத்தில் அப்படித் தெரியவில்லை, வரைய வேண்டும் என்ற தவிப்பு அதில் நன்றாகவே உயிரோடு இருக்கிறது. இருந்தாலும் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை.

இப்போது உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். பிரசவத்துக்குப் பிந்தைய முதல் மாதங்களிலோ, வீட்டில் யாராவது நோயில் விழும்போதோ எல்லாவற்றையும் ஓரமாக வைப்பது சரியான முடிவுதான். அதற்கு யாரும் வருத்தப்பட வேண்டியதில்லை. ஆனால் ஐந்தாறு வருடம் என்பது வேறு கதை. கைப்பழக்கம் போய்விடும் என்று பயந்து இதைச் சொல்லவில்லை, கை திரும்பி வந்துவிடும். நான் பயப்படுவது வீட்டின் பழக்கத்தைப் பார்த்து. அம்மாவுக்கென்று நேரம் எதுவும் தேவையில்லை என்று அந்த வருடங்களில் வீடு பழகிக்கொள்கிறது. டயப்பர் போய்ப் பள்ளிப் பை வரும், பள்ளிப் பை போய்ப் பரீட்சை வரும். பிள்ளைகளுக்குப் பத்து வயதாகும்போது நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால் வீடே திரும்பிப் பார்க்கும். அம்மாவுக்கு என்று ஒரு வேலை இருக்கிறது, அந்த நேரத்தில் அப்பாவிடம்தான் போக வேண்டும் என்பதை ஒன்றரை வயதிலிருந்தே பார்த்து வளரும் பிள்ளைக்கு அது சாதாரண விஷயம். இப்போது கஷ்டப்பட்டு ஏற்படுத்துவது, அப்போது கேட்டு வாங்குவதைவிட எளிது.

மதியத் தூக்கத்தை நம்பி எதையும் பெரிதாகத் திட்டமிடாதீர்கள். பெரும்பாலான பிள்ளைகள் மூன்று வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையில் அதை விட்டுவிடுவார்கள். அப்போது சின்னவனும் மேசைக்கு வந்து சேருவான், ஏற்பாட்டை மறுபடி பேசி மாற்ற வேண்டியிருக்கும். சனிக்கிழமைப் பொழுது மட்டும் அப்போதும் இருக்க வேண்டும்.

முதல் சில சனிக்கிழமைகளில் படம் எதுவும் தேறாது. இரண்டு வருட இடைவெளிக்குப் பிறகு கோடு தடுமாறும், வீட்டு ஞாபகம் வரும், மேசையில் தலைவைத்துத் தூங்கிப்போனாலும் போவீர்கள். அதெல்லாம் பரவாயில்லை. "ஒண்ணும் வரையல, வீணாத்தான் போச்சு" என்று சொல்லி அந்த நேரத்தை மட்டும் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.